பைக் பிரேக் கீச்சுனு கத்துதா? வீட்டு முத்தத்துல வச்சே சரியாக்கலாம்

காலத்த வண்டிய எடுத்து தெரு முனையில மொத பிரேக்க பிடிக்கும்போ கீச்சுனு ஒரு சத்தம் வருது, ரெண்டு மூணு தடவ பிடிச்ச பிறகு தன்னால நின்னு போவுதுன்னா அத விட்டுருங்க, அதுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரின்னு கடலோரத்துல வீடு உள்ளவங்க வண்டியில இது சாதாரணம், ராத்திரி முழுக்க உப்புக்காத்துல நிக்குற டிஸ்க்கு (வீலோட சேந்து சுத்துற இரும்புத் தட்டு) மேல லேசா செம்மண் கலர்ல துரு படியும், மொத ரெண்டு பிரேக்குலயே, டிஸ்க்க ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்குற பேடு அத தேச்சு எடுத்துரும். மழ நேரத்துலயும் இதே கத தான். நமக்கு தென்மேற்கு பருவமும் உண்டு வடகிழக்கு பருவமும் உண்டு, ஜூன்ல தொடங்கி டிசம்பர் வரைக்கும் வண்டி ஏதாவது ஒரு வெள்ளத்துல நனைஞ்சுட்டே தான் கிடக்கும்.

நான் சொல்ல வர்றது அந்த சத்தம் இல்ல. அஞ்சு கிலோமீட்டர் ஓடி வண்டி நல்லா சூடான பிறகும், வெயில் நேரத்துலயும், பிரேக்க பிடிக்கும்போ எல்லாம் ரோட்டுல நிக்குறவங்க திரும்பி பாக்குற அளவுக்கு கத்துது பாருங்க, அது தான். அதுக்கு முக்காவாசி நேரம் காரணம் தூசி, பளபளன்னு இறுகிப்போன பேடு, இல்லன்னா பேட தாங்கி நிக்குற கேலிப்பருக்குள்ள காஞ்சு இறுகி கிடக்குற ஸ்லைடு பின்னு (கேலிப்பர் நகர உதவுற கம்பி), இது மூணுல ஒண்ணு தான். மூணையும் ஒரு ஞாயித்துக்கிழம மதியத்துக்குள்ள வீட்டுல வச்சே பாத்துரலாம்.

ஆனா ஒரு விஷயம் மொதல்லயே சொல்லிருதேன். சத்தத்த அடக்குறது வேற, பிரேக்க சரியாக்குறது வேற. டிஸ்க்குல ரெண்டு சொட்டு தேங்காஎண்ணெ விட்டா சத்தம் உடனே நிக்கும், கூடவே பிரேக்கும் நிக்கும். எண்ணெ, கிரீசு, செயின் ஸ்பிரே, டபிள்யூடி 40, டீசல், இதுல எதுவும் பேடு மேலயோ டிஸ்க்கு மேலயோ, டிஸ்க்கு இல்லாத வீல்ல உள்ள டிரம்முக்குள்ளயோ (மூடுன வட்ட பிரேக் கூடு) படவே கூடாது. இத தெரிஞ்சே செய்யுற ஆளும் உண்டு, அது கூட பரவால்ல, தெரியாமலே நடக்குறது தான் அதிகம். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போ பின் டிஸ்க்கு மேல தெறிக்கும், வாட்டர் சர்வீஸ் விட்ட இடத்துல வண்டி அடியில டீசல் அடிச்சு விட்டுருவாங்க, அது அப்பிடியே வீல்ல வடியும். சர்வீஸ் பண்ணி வந்த அன்னைக்கே பிரேக்கு கத்த ஆரம்பிச்சுன்னா மொத சந்தேகம் இதுல தான் வரணும்.

அடுத்தது, வர்றது என்ன சத்தம்னு காது குடுத்து கேளுங்க. மெல்லிசா நீளமா கீ...ன்னு வந்தா அது பேடும் டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியும் வழுக்கியும் அதிருற சத்தம், நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல அதிரும், அதான் காத கிழிக்குற மாதிரி இருக்கு. இத வீட்டுல சரியாக்கலாம். கர கரன்னு இரும்பும் இரும்பும் உரசுற சத்தம் வந்தா பேடு தீந்து போச்சு, பின்னால உள்ள இரும்புத் தகடு டிஸ்க்க அரைக்குது, அந்த வண்டிய ஓட்டவே கூடாது, பக்கத்துல உள்ள கடைக்கு கூட உருட்டிட்டு தான் போணும். லொட லொடன்னு பள்ளத்துல மட்டும் வந்தா பேட பிடிச்சு வைக்குற ஸ்பிரிங்கு தகடு கழண்டோ உடைஞ்சோ கிடக்கும். டிஸ்க்குல வட்ட வட்டமா கோடு விழுந்து கிடந்தா மண்ணு உள்ள மாட்டியிருக்கு. மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கர மண்ணுல இல்மனைட்டோட கார்னெட்டும் கலந்து கிடக்குது, கார்னெட்ட வெளி ஊர்ல உப்புத்தாள் செய்ய உபயோகிக்காங்க, அப்போ அந்த மண்ணு ஒரு பொடி பேடுல ஏறுனா டிஸ்க்க என்ன பண்ணும்னு யோசிச்சு பாருங்க.

சத்தம் பிரேக்குல இருந்து தான் வருதான்னும் உறுதி பண்ணணும். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு வண்டிய உருட்டி, மொதல்ல முன் பிரேக்க மட்டும் பைய பிடிங்க, பிறகு பின் பிரேக்க மட்டும் சவட்டுங்க. ரெண்டுலயும் பிடிக்காம உருட்டும்போவே சத்தம் வருதுன்னா வீல் பேரிங்கா இருக்கலாம், ஸ்பீடோமீட்டர் கியரா இருக்கலாம், காஞ்ச செயினா கூட இருக்கலாம். 125 சிசி வரைக்கும் உள்ள வண்டியில 2019 ஏப்ரல்ல இருந்து சிபிஎஸ் (ரெண்டு பிரேக்கையும் சேக்குற அமைப்பு) கட்டாயம் ஆக்கியாச்சு, அதுக்கு பிறகு வந்த வண்டியில ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போ வீல் பூட்டாம பாத்துக்கிடுற அமைப்பு) இல்லாத எல்லாத்துலயும் அது இருக்கும், அதுல பின் பிரேக்க பிடிச்சா ரெண்டு வீலும் பிடிக்கும். அதனால அந்த வண்டில எந்த வீல்ல சத்தம்னு பக்கத்துல ஒரு ஆள் குனிஞ்சு நின்னு கேட்டா தான் தெரியும்.

சாமானம் பெருசா ஒண்ணும் வேண்டாம். ஸ்பேனர் செட்டு, ஆலன் கீ செட்டு, ஒரு பழைய டூத் பிரஷ்ஷு, 120, 180, 220 நம்பர் உப்புத்தாள் ஒவ்வொண்ணு, பாத்திரம் தேய்க்குற பச்ச ஸ்கிரப்பர், பஞ்சு போற பழைய பனியன் வேண்டாம் நல்ல காட்டன் துணி, மூக்குக்கு மாஸ்க்கு, கைக்கு கிளவுசு. கழுவுறதுக்கு பிரேக் கிளீனர் ஸ்பிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கிடைக்கும், இல்லன்னா ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கிக்கிடுங்க. சானிடைசர் ஆவாது, அதுல கிளிசரின் இருக்கு, அது டிஸ்க்குல படலமா நிக்கும். பெட்ரோல்ல கழுவுறவங்க ஒருபாடு பேர், தயவு செஞ்சு வேண்டாம், தீ பிடிக்கும்ங்கறது ஒரு பக்கம், கேலிப்பருக்குள்ள உள்ள ரப்பர் சீல அது ஊத வச்சுரும். மண்ணெண்ணெயும் அப்பிடித்தான். இது போக ஸ்லைடு பின்னுக்குன்னு சிலிக்கான் கிரீசு ஒரு சின்ன பாக்கெட்டு. சாதா மஞ்ச கிரீசு அதுக்கு போடக்கூடாது, காரணம் பிறகு சொல்லுதேன்.

முன் டிஸ்க்குல இருந்து தொடங்குவோம், அதான் ஈசி, வீல கழத்தவே வேண்டாம். வண்டிய சமதரையில சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்க, வண்டி ஓடி வந்த சூட்டோட கை வைக்காதீங்க, டிஸ்க்கு தோல உரிச்சுரும். பிரேக் ஃபுளூயிடு (லிவர் அழுத்தத்த கேலிப்பருக்கு கொண்டு போற திரவம்) டப்பாவ பாருங்க, மேல் கோடு வரைக்கும் முட்ட முட்ட இருந்தா சுத்தி ஒரு துணிய கட்டிருங்க, ஏன்னா பிறகு பேட தள்ளுற பிஸ்டன கேலிப்பருக்குள்ள தள்ளும்போ ஃபுளூயிடு மேல ஏறி வழியும், அது பட்ட இடத்துல பெயிண்டு உரிஞ்சு வந்துரும், பட்டா உடனே வெள்ளம் ஊத்தி கழுவிருங்க. இனி கேலிப்பருக்குள்ள பேட பிடிச்சு வைக்குற பேடு பின்ன, கேலிப்பர் போர்க்குல (முன் வீல தாங்குற கம்பி) மாட்டி இருக்கும்போவே கொஞ்சம் லூசாக்கி விடுங்க, கழத்தி கையில வச்சுக்கிட்டு அத திருக்க முடியாது. பிறகு போர்க்குல கேலிப்பர பிடிச்சிருக்குற ரெண்டு போல்ட்டையும் கழத்தி அத டிஸ்க்குல இருந்து பைய உருவுங்க. கேலிப்பர ஹோஸ்ல தொங்க விடாதீங்க, ஒரு கம்பியில கட்டி ஹேண்டில்ல மாட்டுங்க. ஏபிஎஸ் வண்டின்னா பக்கத்துல ஒரு மெல்லிசு சென்சார் ஒயரு ஓடும், அத இழுத்துராம பாத்துக்கிடுங்க. கேலிப்பர் வெளிய இருக்கும்போ யாரும் பிரேக் லிவர தொடக்கூடாது, பிஸ்டன் வெளிய சாடிரும், பிறகு வீட்டு வேல இல்ல. முத்தத்துல பிள்ளைய விளையாடுதுன்னா லிவருக்கு நடுவுல ஒரு கட்டைய வச்சு கட்டிருங்க.

பேடு ரெண்டையும் உருவி வெளிச்சத்துல வச்சு பாருங்க. நடுவுல ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், அது மறைஞ்சு போச்சுன்னாலோ, இரும்புத் தகட்டுக்கு மேல உள்ள லைனிங்கு 1 மில்லிமீட்டர் பக்கத்துல வந்துட்டாலோ தேச்சு சுத்தம் பண்ணுற வேலையே வேண்டாம், நேரா புதுசு வாங்குங்க, சில நூறு ரூபா தான். பேடு எண்ணெ குடிச்சு கருகருன்னு ஈரமா கிடந்தாலும் அப்பிடித்தான். அத அடுப்புல வச்சு சுட்டா எண்ணெ போயிரும்னு சொல்லுவாங்க, போவாது, மேல் எண்ணெ தான் போவும், உள்ள குடிச்சது வண்டி சூடாகும்போ திரும்பவும் வெளிய வரும். ரெண்டு பேடும் ஒண்ணு போல தேஞ்சிருக்கான்னும் பாருங்க. ஒண்ணு தடியா இன்னொண்ணு மெல்லிசா இருந்தா அது ஸ்லைடு பின்னு இறுகிப் போனதுக்கு அடையாளம்.

லைனிங்கு தடிமன் இருக்கு, ஆனா மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு கிடக்குன்னா அது தான் நமக்கு வேண்டிய கேசு. ஒரு கண்ணாடித் துண்டோ டைல்ஸ்ஸோ எடுத்து அதுக்கு மேல 120 நம்பர் உப்புத்தாள விரிச்சு, பேட கவுத்தி போட்டு, ஒரே அளவு அழுத்தத்துல எட்டு போடுற மாதிரி தேய்ங்க. கையில வச்சு தேச்சா மூல தேஞ்சு நடுவுல மேடாயிரும், பிறகு சத்தம் முன்ன விட அதிகமாவும். பளபளப்பு போயி முழுக்க மங்கலா ஆனா போதும், அதிகம் தேச்சா உங்க காசு தான் தேயுது. ஓரத்துல கூரா நிக்குற விளிம்ப லேசா சரிவா தட்டி விடுங்க, டிஸ்க்கு சுத்தி வந்து மொதல்ல மோதுற விளிம்பு அது தான், அந்தக் கூரு போனாலே செல வண்டியில சத்தம் பாதி குறையும். தூச வாயால ஊதாதீங்க, காத்து மிஷினும் வேண்டாம். பழைய லைனிங்குல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அது நுரையீரலுக்குள்ள போனா போனது தான். மாஸ்க்க போட்டுட்டு, நனைஞ்ச துணியால தொடச்சு எடுத்து, துணிய ஒரு கவர்ல கட்டி போட்டுருங்க.

டிஸ்க்குக்கு 220 உப்புத்தாளோ பச்ச ஸ்கிரப்பரோ போதும், வட்டமா தேய்க்காம குறுக்கு நெடுக்கா தேய்ங்க, ரெண்டு பக்கமும். பிறகு கிளீனர துணியில அடிச்சு தொடைங்க, துணி கருப்பா வர்றது நிக்குற வரைக்கும் புதுசு புதுசா துணி மாத்தி தொடைங்க. தொடச்ச பிறகு விரல் வைக்காதீங்க. டிஸ்க்குலயே எங்கயாவது குறைஞ்சபட்ச தடிமன் எவ்வளவுன்னு மில்லிமீட்டர்ல பொறிச்சிருப்பாங்க, தடிமன் அளக்குற வெர்னியர் கேலிப்பர் ஸ்கேல் (பிரேக் கேலிப்பர் இல்ல) கிடைச்சா அளந்து பாத்துருங்க, அதுக்கு கீழ போனா டிஸ்க்க மாத்தணும்.

இனி தான் முக்கியமான இடம், ஒர்க்ஷாப்புல அவசரத்துல விட்டுட்டு போற இடமும் இது தான். நம்ம ஊர்ல ஓடுற சாதா பைக்குல உள்ள கேலிப்பர்ல பிஸ்டன் ஒரு பக்கம் தான் இருக்கும். லிவர பிடிச்சா பிஸ்டன் அந்தப் பக்க பேட தள்ளும், அது டிஸ்க்குல முட்டுன உடனே கேலிப்பர் முழுசா எதிர்பக்கம் நகந்து வந்து மத்த பேடையும் இழுத்து வச்சு அழுத்தும். அந்த நகர்வு நடக்குறது ரெண்டு ஸ்லைடு பின்னு மேல. பின்னு காஞ்சு, துரு ஏறி, இறுகி நின்னுச்சுன்னா ஒரு பேடு மட்டும் வேல செய்யும், மத்தது சாய்ஞ்சு உரசிட்டே கிடக்கும், சூடாவும், பளபளப்பாவும், கத்தும். அதனால தான் புது பேடு போட்டு ரெண்டே வாரத்துல திரும்ப கத்துதுன்னு செலபேரு வந்து நிக்கது. பேட குத்தம் சொல்லி பிரயோசனம் இல்ல, ஸ்லைடு பின்ன யாரும் பாக்கல்ல.

கேலிப்பரையும் அத தாங்குற பிராக்கெட்டையும் கையால பிடிச்சு இழுத்தா பிரிஞ்சு வரணும். வரலன்னா அடிக்காதீங்க, இடமும் வலமும் திருக்கி திருக்கி உருவுங்க. பின்னுல பழைய கிரீசு கருப்பா கட்டியா கிடக்கும், துணியால முழுசா தொடச்சு, துரு இருந்தா ஸ்கிரப்பர் வச்சு தேய்ங்க. பின்னு உள்ள போற ஓட்டையையும் விட்டுராதீங்க, ஒரு ஈர்க்குச்சியில துணிய சுத்தி உள்ள விட்டு தொடைங்க. மேல மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் மூடி இருக்கும், அது கிழிஞ்சிருந்தா உப்புக்காத்தும் மழ வெள்ளமும் நேரா உள்ள போவும், அத மாத்தாம என்ன கிரீசு போட்டாலும் நிக்காது. சிலிக்கான் கிரீசு ஒரு பட்டாணி அளவு எடுத்து பின்னு மேல மெல்லிசா பூசி உள்ள விடுங்க. சாதா கிரீசு போட்டா பெட்ரோலிய எண்ணெ பட்டு அந்த ரப்பர் ஊதி, பின்ன இன்னும் இறுக்கி பிடிச்சுக்கிடும், அதுக்கு போடாமலே விட்டிருக்கலாம். ரெண்டு பின்னும் ரெண்டு விரலால தள்ளுனாலே வழுக்கிட்டு போணும், அது தான் கணக்கு.

பிஸ்டன் சுத்தி படிஞ்சு கிடக்குற கரிய சோப்பு வெள்ளமும் டூத் பிரஷ்ஷும் வச்சு தேச்சு எடுங்க. அழுக்கோட அப்பிடியே உள்ள தள்ளுனா சீலு கீறி ஃபுளூயிடு கசியும். சுத்தம் பண்ணுன பிறகு பழைய பேடு ஒண்ண பிஸ்டன் மேல வச்சு பைய அழுத்துங்க, நேரா உள்ள போவும். கையால முழு பெலத்துல அழுத்தியும் அசையலன்னா அங்கயே நிறுத்திட்டு ஆள கூப்பிடுங்க.

பேடோட முதுகுல ஒரு மெல்லிசு தகடு இருக்கும், அத வேண்டாத சாமானம்னு தூக்கி போட்டுராதீங்க, சத்தத்த குறைக்கதுக்குன்னே கம்பெனிக்காரன் வச்சது அது. பேட மாட்டி, பேடு பின்ன போட்டு, கேலிப்பர டிஸ்க்குல ஏத்தி போல்ட்ட முறுக்குங்க, முறுக்கம் எவ்வளவுன்னு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும். இப்போ வண்டில ஏறாதீங்க. லிவர மொதல்ல பத்து பதினஞ்சு தடவ பம்ப் பண்ணுங்க, மொத ரெண்டு மூணு தடவ லிவரு கிரிப்ப முட்டுற அளவுக்கு பொத்துனு போவும், பிஸ்டன் வெளிய வந்து பேட தொட்ட பிறகு தான் கெட்டியாவும். இத செய்யாம கேட்ட திறந்து ரோட்டுல எறங்குனா மொத பிரேக்கு இருக்காது. இத ஒருக்கா இல்ல ரெண்டு தடவ சொல்லுதேன், பம்ப் பண்ணாம எறங்காதீங்க.

தேச்ச பேடுன்னாலும் புது பேடுன்னாலும் அத டிஸ்க்கோட இணங்க வைக்கணும். கூட்டம் இல்லாத ரோட்டுல 40 கிலோமீட்டர் வேகத்துல போயி, பைய பிடிச்சு 10க்கு கொண்டு வாங்க, முழுசா நிறுத்தாதீங்க, திரும்ப 40க்கு போங்க. பத்து தடவ போல இப்பிடி செய்ங்க, நடுவுல காத்து பட்டு ஆறட்டும். வடசேரி சந்த பக்கமோ மார்த்தாண்டம் பாலத்துக்கு கீழயோ போயி இத செய்யாதீங்க, நாலுவழிச்சாலையும் வேண்டாம், ஊருக்குள்ள உள்ள குளத்தங்கர ரோடு போதும். மொத நூறு கிலோமீட்டர் லேசா சத்தம் இருந்தா பயப்படாதீங்க, அடங்கிரும்.

பின் டிரம்மு கொஞ்சம் மெனக்கெட்ட வேல. ஸ்பிளெண்டர் மாதிரி வண்டின்னா பிரேக் ராடு நட்ட கழத்தி ராட விடுவிச்சு, பிரேக் பிளேட்ட சேசிஸோட பிடிச்சு நிறுத்துற நீளக் கம்பிய கழத்தி, ஆக்சில் நட்ட எடுத்து, ஆக்சில உருவுனா வீலு கையோட வரும், செயின் பல்லுச்சக்கரம் வண்டியிலயே நிக்கும். ஸ்பேசரு எந்தப் பக்கம் எது இருந்துன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. வலது பக்கம் பிரேக் பிளேட்ட இழுத்தா, டிரம்ம உள்ள இருந்து அழுத்துற ஷூவோட சேந்து வரும். உள்ள எவ்வளவு பொடி கொட்டும்னு பாத்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும், முக்காவாசி சத்தத்துக்கு காரணம் அந்தப் பொடியே தான், டிஸ்க்கு மாதிரி வெளிய பறக்க அதுக்கு வழி கிடையாது. ஊதாம நனைஞ்ச துணியால எடுங்க.

ஷூவையும் 120 தாள்ல பளபளப்பு போற வரைக்கும் தேய்ங்க, ரெண்டு முனையையும் சரிவா ஆக்குங்க, டிரம்மு உள் பக்கத்தையும் தேச்சு கிளீனர்ல தொடைங்க. ஷூ எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாக்க வீல கழத்தவே வேண்டாம், வெளிய பிரேக் ஆர்ம் பக்கத்துல ஒரு அம்புக்குறி இருக்கும், பெடல முழுசா சவட்டும்போ அது பிளேட்டுல உள்ள குறியத் தொட்டுச்சுன்னா ஷூ மாத்துற நேரம் வந்துட்டு. மாத்தும்போ ஸ்பிரிங்கு ரெண்டையும் சேத்து மாத்துங்க, இழுவ போன ஸ்பிரிங்கு ஷூவ திரும்ப இழுக்காது, பிரேக்க விட்ட பிறகும் உரசிட்டே கிடக்கும்.

குளச்சல்ல இருந்தும் தேங்காப்பட்டணத்துல இருந்தும் மீன் பெட்டி கட்டிட்டு மேற்கே போறவங்க இத கவனமா வாசிக்கணும். ஐஸ் உருகி உப்பு வெள்ளம் நேரா பின் வீலு மேல தான் சொட்டுது. அது ஷூவ விரிக்குற பிரேக் கேம் ஓட்டைக்குள்ள எறங்கி துரு பிடிச்சு, கேமு திரும்பாம இறுகிரும். பெடல சவட்டுனா பிடிக்கும், கால எடுத்தா விடாது, ஷூ சூடாயி கத்தும், மைலேஜும் போவும். கேம உருவி, துருவ தேச்சு எடுத்து, கிரீசு நல்லா மெல்லிசா பூசுங்க, வழியுற அளவுக்கு பூசுனா சூட்டுல உருகி ஷூவுல வந்து சேரும். மீன் வண்டிக்கு மழக்காலம் தொடங்கதுக்கு முன்ன ஒரு தடவையும் முடிஞ்ச பிறகு ஒரு தடவையும் இத பாத்துருங்க, பெட்டிக்கு அடியில ஒரு தட்டோ ரப்பர் ஷீட்டோ வச்சு வெள்ளத்த சைடுல விட்டா இன்னும் நல்லது.

திரும்ப மாட்டும்போ அந்த நீளக் கம்பி நட்டையும், அதுல உள்ள ஸ்பிளிட் பின்னையும் மறக்கவே கூடாது. அது கழண்டா பிரேக் பிடிக்கும்போ பிளேட்டு வீலோட சேந்து சுத்தும், வீலு அப்பிடியே பூட்டிக்கிடும். பழைய ஸ்பிளிட் பின்ன நிமுத்தி போடாம புதுசு போடுங்க. பெடலுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே (பிரேக் பிடிக்க தொடங்கதுக்கு முன்ன பெடல் சும்மா எறங்குற தூரம்) வச்சு ராடு நட்ட முறுக்குங்க, வீல கையால சுத்துனா உரசாம சுத்தணும், பிரேக் லைட்டும் எரியுதான்னு பாருங்க. ஸ்கூட்டர்ல பின் வீல கழத்த சைலன்சரையும் கழத்தணும், பழக்கம் இல்லன்னா அத கடையில குடுக்கது நல்லது.

இவ்வளவும் செஞ்ச பிறகு மாசத்துக்குள்ள திரும்ப பளபளப்பு ஏறுதுன்னா ஓட்டுற விதத்தயும் பாக்கணும். காளிகேசம், கீரிப்பாற, கோதையாறு பக்கம் மேல இருந்து எறங்கும்போ, ரப்பர் ஷீட்டோ ஆளோ பின்னால ஏத்திட்டு, நியூட்ரல்ல போட்டு பின் பிரேக்க சவட்டிட்டே வர்றவங்க நம்ம ஊர்ல ஒருபாடு பேர். பெட்ரோல் மிச்சம்னு நினைப்பு. பேடும் ஷூவும் அந்த சூட்டுல தான் கண்ணாடியா இறுகுது. ரெண்டாவது கியர்ல போட்டு இன்ஜின் பிடிப்புல எறங்குங்க, தேவப்படும்போ ரெண்டு பிரேக்கையும் பிடிச்சு பிடிச்சு விடுங்க, அழுத்திட்டே வராதீங்க.

ஃபுளூயிட பத்தியும் ஒரு வார்த்த. அது காத்துல உள்ள ஈரத்த குடிக்கும், நம்ம ஊர் காத்துல ஈரத்துக்கு பஞ்சமே இல்ல. புது டாட் 4ங்குற தரத்துல உள்ள ஃபுளூயிடு குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ்ல தான் கொதிக்கும், ஈரம் ஏறுனா அது 155 வரைக்கும் எறங்கிரும், மல எறக்கத்துல கொதிச்சு குமிழ் வந்தா லிவரு பஞ்சு மாதிரி போவும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திருங்க, டப்பா மூடியில டாட் 4னு இருந்தா அதையே போடுங்க, டாட் 5 சிலிக்கான், அது இதோட சேராது. ஃபுளூயிடு குழாய்க்குள்ள மாட்டுன காத்த எடுக்குற வேல தெரியலன்னா மெக்கானிக்க வச்சு செய்ங்க. ஃபுளூயிடு கசியுது, டிஸ்க்கு வளஞ்சு லிவரு கையில துடிக்குது, பிஸ்டன் அசையல்ல, இது மூணுல எது இருந்தாலும் வீட்டுல வச்சு மல்லுக்கட்டாதீங்க.

வேல முடிச்ச மறுநாள் வண்டிய எடுக்கதுக்கு முன்ன ரெண்டு கேலிப்பர் போல்ட்டு, ஆக்சில் நட்டு, ராடு நட்டு நாலையும் ஸ்பேனர் வச்சு ஒருக்கா தொட்டு பாத்துருங்க. கொஞ்சம் ஓடிட்டு வந்து நிறுத்துன உடனே ரெண்டு வீலு பக்கத்துலயும் தொடாம கைய கொண்டு போயி பாருங்க, ஒண்ணு மட்டும் அனலடிச்சா அதுல ஏதோ இன்னும் உரசிட்டு கிடக்கு, அந்தப் பக்கத்த மட்டும் திரும்ப கழத்தி பாருங்க.